கொம்பன் சுறாவா, மொட்டைக் கழுகா?

நீங்க ஜன்னல் பக்கமே உக்காந்துக்கிடுங்கம்மா. எனக்குக் காத்து ஒத்துக்கிடாது. கடக்கரையில பொறந்தவளுக்குக் காத்து ஒத்துக்கிடாதான்னு கேக்காதிய, அது வேற காத்து, இது வேற காத்து. நீங்க ஈரோடு வரைக்குமா? நானும் ஈரோடுதான். அங்க எறங்கி சத்தியமங்கலம், அங்கருந்து பவானிசாகர். மக வீட்டுக்குப் போறேன்.

மக வீடுன்னு வாய் சொல்லுது, மனசு சொல்ல மாட்டேங்கு. ஒரு மொட்டைத்தலைக் கழுகுகிட்ட எம் மகளைத் தோத்துட்டு நிக்கேன்மா. சிரிக்காதிய. கேட்டுட்டுச் சிரிங்க.

எம் பேரு அமலோற்பவம். வேம்பார்ல எறங்கிக் கேட்டா சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். எங்க வீட்டுக்காரர் போன பெறவு ஒத்தை ஆளா நின்னு கருவாட்டு ஏவாரம் நடத்துதேன். நெத்திலி, சாளை எல்லாம் உண்டு, ஆனா நம்ம கை ஓங்கினது சுறாக் கருவாட்டுலதான். அதுலயும் கொம்பன் சுறா. பாத்திருக்கியளா? தலை சுத்தியல் மாதிரி ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு கண்ணு. கடவுள் மத்தியானம் உண்ட மயக்கத்துல செஞ்சிருப்பாருன்னு நெனைக்கேன்.

எம் மக பிரிஸ்காவைப் படிக்க வச்சது அந்தக் கொம்பன்தான். கறி கருவாடாப் போவும். பீலி, அதான் துடுப்பு, அது வெளியூர் ஏவாரிக்குப் போவும். அவ மேல மேல படிச்சா, டாக்டர் பட்டமே வாங்கிட்டா. ஊசி போடுற டாக்டர் இல்ல, சுறா டாக்டரு. சுறா அழிஞ்சுக்கிட்டு வருதாம், அதை எப்படிக் காப்பாத்துறதுங்கிற படிப்பு. எனக்குப் பெருமை தாங்கல. "ஏட்டி, அது ஏன் அழியுது?"ன்னு ஒருநா கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு இருந்தா. "ரொம்பப் பிடிக்காங்கம்மா"ன்னா. "ஆமா, இந்தக் காலத்துல மனுசனுக்கு ஆசை கூடிப் போச்சு"ன்னு சொன்னேன். யாரு பிடிக்கானுவளோ, யாரு வாங்குதாளுவளோ, நமக்கு எதுக்கு ஊர் வம்பு?

அவ ஒரு மாநாட்டுக்குப் போனா. இவ சுறாவைப் பத்திப் பேசினா. ஒருத்தன் பாறுக் கழுகைப் பத்திப் பேசினான், அதான் செத்த மாட்டைத் திங்குற அந்த மொட்டைத்தலை. ரெண்டும் சோத்து வரிசையில ஒண்ணா நின்னிருக்கு. அம்புட்டுதான், கல்யாணத்துல வந்து முடிஞ்சுது. பையன் பேரு நவநீதன். தங்கமான பிள்ளை, அதைக் கொறை சொல்ல மாட்டேன். ஆனா அவுக சாதி வேற, சாமி வேற, சோறு வேற. மீனுன்னா அவுகளுக்கு அணையில பிடிக்கிற கெண்டைதான்.

அவன் அம்மா துளசிமணி. பவானிசாகர்ல மாட்டு மருந்துக் கடை வச்சிருக்காக. மொதமொத வீட்டுக்கு வந்தப்பவே, காப்பி டம்ளரைக் கையில வாங்கும்போதே கேட்டாக: "ஏனுங்க சம்பந்தி, பொண்ணு மீன் புடிக்கறாளுங்களா?"

"பிடிக்கல சம்பந்தி. எண்ணுதா."

"எங்க பையன் கழுகு எண்ணறானுங்க."

"ரெண்டும் எண்ணிக்கிட்டே இருந்தா பேரப்பிள்ளையை எப்ப எண்ணுறது?"ன்னு நான் கேக்க, அவுக சிரிக்க, நாங்க ரெண்டு பேரும் ஒத்துப் போனது அன்னைக்குத்தான். அதுக்குப் பெறவு எல்லாமே போட்டி.

என்ன போட்டின்னு சொல்லுதேன். கல்யாணம் ஆன கொஞ்ச நாள்ல ரெண்டு பேருக்கும் நல்ல வேலை வந்துட்டு. அவளுக்கு நம்ம கரையில. அவனுக்கு மோயாத்துப் பள்ளத்தாக்குல. ரெண்டும் ரெண்டு மூலை. பிரிஞ்சு இருக்க மாட்டோம்னு நிக்குதுக. யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும். நம்ம காலமா இருந்தா, மாப்பிள்ளை எங்கயோ அங்கதான் பொண்ணு, பேச்சே கிடையாது. இதுக படிச்சதுகள்லா? உக்காந்து ஒரு தீர்மானம் போட்டுருச்சு. இந்தப் பருவம் முழுக்க அவ இங்க கரைக்கு வர்ற கொம்பனை எண்ணுவா. அவன் அங்க பாறுவை எண்ணுவான். பழைய கணக்குக்கு எது ரொம்பக் கொறஞ்சிருக்கோ, எதுக்கு ஆபத்து பெருசோ, ரெண்டு பேரும் அங்க போய்ப் பாடுபடுறது.

நல்ல தீர்மானம்தான். ஆனா ஒரு தாயா நெனச்சுப் பாருங்க. எம் மக எங்கூட இருக்கணும்னா கடல்ல சுறா இருக்கக் கூடாது! கோயிலுக்குப் போனேன். மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்தி வச்சுக்கிட்டு, "தாயே, இந்த வருசம் ஒரு கொம்பன்கூடக் கரைக்கு வரப்பிடாது"ன்னு கும்பிட்டேன். கருவாட்டுக்காரி வேற எவளாவது இப்படி வேண்டியிருப்பாளா? பக்கத்துல நின்னவ என்னை ஒரு மாதிரி பாத்தா.

அங்க துளசிமணியும் சும்மா இல்ல. சாயங்காலமானா போன் வந்துரும். மொகத்தைக் காட்டிப் பேசுற போன்.

"சம்பந்தி, பாறு வருசத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் வெக்குமாமுங்க. ஒண்ணே ஒண்ணு! அதும் பொரிச்சாத்தான் நெசம்."

"எங்க கொம்பன் ஒரு வருசம்போல வயித்துல சுமந்து குட்டியாத்தான் போடும். முட்டையை வெளிய போட்டுட்டுப் போற சோலியே கிடையாது."

"ஒரு வருசமுங்களா?" அவுக கன்னத்துல கை வச்சுக்கிட்டாக. "நமக்குப் பத்து மாசமே போதும் போதும்னு ஆயிருச்சுங்களே."

அந்த ஒரு நிமிசம் ரெண்டு பேருக்கும் சுறாமேல எரக்கம் வந்துட்டு. ஒடனே அவுக சுதாரிச்சுக்கிட்டாக. "இருந்தாலும் பாறு இல்லீன்னா செத்த மாடு நாறி ஊருக்கே நோவு வந்துருமுங்க. அது ஊரைச் சுத்தம் பண்ணுது. உங்க சுறா என்னத்தப் பண்ணுது?"

"நோஞ்சான் மீனைத் தின்னு கடலைச் சுத்தம் பண்ணுது."

"அதை உங்களுக்கு யாருங்க சொன்னது, மீனுங்களா?"

வாயைப் பாத்தியளா? பெறவு, "எங்களுது வாயில்லாப் பிராணிங்க"ம்பாக. "வாயில்லாமயா முழு மாட்டைத் திங்குது?"ன்னு நான் கேப்பேன். போனை வச்சிருவாக. மறுநாச் சாயங்காலம் திரும்ப வரும்.

பாறு ஏன் அழிஞ்சுதுன்னு மாப்பிள்ளை சொன்னான்மா. மாட்டுக்கு வலி தெரியாம இருக்க ஒரு ஊசி போடுவாகளாம். அந்த மாடு செத்து, அந்தக் கறியைத் தின்னா பாறுக்குக் குண்டிக்காய், அதான் கிட்னி, கெட்டுப் போவுமாம். கூட்டங் கூட்டமா விழுந்துருச்சாம். அந்த ஊசியைத் தடை பண்ணுற வரைக்கும் அந்த ஊர்ல வித்தது யாரு? துளசிமணி கடைதான். ஒருநா வாய் வரைக்கும் வந்துட்டு, அடக்கிக்கிட்டேன். தன் கையாலயே ஒரு சீவனை அழிச்சுட்டு, அதுக்கே வக்காலத்து வாங்குறதுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் வேணும்! நமக்கு அதெல்லாம் வராதும்மா.

இருக்கட்டும். பருவம் தொடங்கிட்டு. மொத வாரமே கரையில கொம்பன் வந்து குமியுது. பெருசும் குட்டியுமா. மாதா கைவிட்டுட்டா. பிரிஸ்கா குனிஞ்சு நிமிந்து ஒவ்வொண்ணையும் அளந்துக்கிட்டு இருக்கா. எனக்கு வயித்தெரிச்சல். இம்புட்டுக் கொம்பனை அவ கணக்குல சேத்தா, சுறாவுக்கு என்ன கொறைச்சல்னு கழுகுப் பக்கம் போயிருவாளே!

நேரா தொம்மை அண்ணன்கிட்டப் போனேன். எங்க ஊர்ல நாலு வள்ளம் வச்சிருக்கவரு. அவரு சொன்னா மத்தவன் கேப்பான். கிழிஞ்ச வலையைப் பொத்துக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, இந்தப் பருவம் நான் கொம்பன் எடுக்கல."

கை நின்னு போச்சு. "என்ன தாயி, ஒடம்புக்கு ஏதும்...?"

"நல்லாத்தான் இருக்கேன். வெளியூர்ல கேள்வி இல்ல. பெருசும் வேண்டாம், குட்டியும் வேண்டாம்."

"நீ எடுக்கலன்னா இங்க எவன் எடுப்பான்? வலையில வந்து விழுந்தா என்ன செய்ய?"

"உசுரோட இருந்தா விட்டுருங்க."

"செத்துக் கிடந்தா?"

"அடுத்த கரைக்குக் கொண்டு போய் வித்துக்கிடுங்க. இங்க மட்டும் எறக்கப்பிடாது."

அவரு என்னைப் பாத்தாரு, கடலைப் பாத்தாரு. "வெளியூர்ல கேள்வி இல்லயா, வீட்டுல கேள்வி வந்துட்டா?"ன்னாரு. கெழவன் சூதுக்காரன். ஆனா மறுபேச்சு பேசல. வாங்க ஆள் இல்லன்னா ஆத்து முகத்துல எவன் வலை போடுவான்? கொம்பன் குட்டியெல்லாம் அங்க கலங்கல் தண்ணியிலதான் கெடந்து வளரும். அந்தப் பக்கம் வள்ளம் போறதே நின்னு போச்சு.

அடுத்த வாரம் கரையில கொம்பன் கொறஞ்சுது. அதுக்கடுத்து இன்னும் கொறஞ்சுது. பெறவு ஒண்ணுகூட இல்ல. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கொண்டாட்டம். துளசிமணிக்கு நானே போன் போட்டேன். "சம்பந்தி, எங்க சுறா கதை முடிஞ்சுது"ன்னு சொல்லும்போது சிரிப்பை அடக்குறதுக்குள்ள போதும்னு ஆயிட்டு.

ஒருநா காலைல பிரிஸ்காவைத் தேடிப் போனேன். எல்லாரும் மீனை அள்ளிட்டுப் போயிட்டாக. அவ மட்டும் வெறும் மணல்ல உக்காந்திருக்கா. கண்ணு செவந்து கெடக்கு. "அம்மா, முடிஞ்சு போச்சும்மா. நான் படிச்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நான் பொறந்ததுலருந்து பாத்த மீனும்மா"ன்னு எம் மடியில மொகத்தை வச்சு அழுதா. சின்னப் பிள்ளையில விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டு அழுத மாதிரி.

சொல்லிரலாம்னு இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. ஆனா சொன்னா அவ கணக்கு போயிரும், மகளும் போயிருவா. தலையைத் தடவிக் கொடுத்து, "எல்லாம் ஆண்டவர் பாத்துப்பாரு"ன்னேன். ஆண்டவர் தலையில போட்டுட்டா பேச்சு முடிஞ்சுதுல்லா?

பருவம் முடிஞ்சுது. கணக்கை ஒப்பிட்டு முடிவு சொல்ல மாப்பிள்ளையும் துளசிமணியும் எங்க வீட்டுக்கு வந்தாக. மத்தியானச் சாப்பாடு. சம்பந்தி மொதமொத நம்ம வீட்டுல வயிறாரச் சாப்பிடப் போறாக, வெறும் ரசத்தையா ஊத்த முடியும்? சுறாப்புட்டு செஞ்சேன். மீனை அவிச்சு உதுத்து, இஞ்சி பூண்டு சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, தேங்காய்ப்பூவா உதிரி உதிரியா. மணம் தெருமுனை வரைக்கும் போச்சு.

துளசிமணி ஒரு வாய் வச்சாக. கண்ணை மூடிக்கிட்டாக. "இது என்னங்க சம்பந்தி, இத்தனை ருசியா? முட்டைப் பொரியலுங்களா?"

"சுறாப்புட்டு சம்பந்தி. கொம்பன்." பெருமையில வாய் வழுக்கிட்டு.

பிரிஸ்கா சோத்துல வச்ச கையை எடுக்கல. "அம்மா."

"என்னட்டி?"

"மாசக்கணக்கா நம்ம கரையில ஒரு கொம்பன் எறங்கல. இது எங்கருந்து வந்துச்சு?"

ஒரு பொய் வரல பாருங்க! ஆயுசு பூரா ஏவாரம் பண்ணுதேன், தராசுக்கு முன்னால நின்னு எத்தனை பேசியிருப்பேன், அன்னைக்குப் பாத்து நெசந்தான் வந்துச்சு. "அடுத்த கரை"ன்னேன். பெறவு அவ ஒவ்வொண்ணாக் கேக்க, நான் ஒவ்வொண்ணாச் சொல்ல, தொம்மை அண்ணன் வரைக்கும் வந்துட்டு.

துளசிமணிக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. பொரையேறிட்டு. மாப்பிள்ளை தண்ணியை எடுத்துக் கொடுக்கான். அவுக குடிச்சுட்டு, என் தோளைத் தட்டி, ஒரு ஆறுதலுக்குச் சொல்லுற மாதிரி சொல்லுதாக: "விடுங்க சம்பந்தி, இதுக்குப் போயி மொகம் வாடிக்கிட்டு. பெத்த மனசு அப்படித்தானுங்க. நாங்கூட ரெண்டு சரம் வெடி வெச்சனுங்க."

மாப்பிள்ளை டம்ளரைக் கீழ வச்சான். "வெடியை எங்க வெச்சீங்கம்மா?"

அப்பத்தான் அவுகளுக்கு ஒறைச்சுது, என்ன சொன்னோம்னு. ஊருக்கு வெளிய செத்த மாட்டைப் போட்டிருந்தாகளாம். அன்னைக்குப் பாத்துப் பாறுக் கூட்டம் மொத்தமா எறங்கிட்டு. மாப்பிள்ளை எண்ண வர்றதுக்குள்ள இவுக போயி சரவெடியைக் கொளுத்திப் போட்டிருக்காக. அம்புட்டும் பறந்து மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டு. பாறு கொறஞ்சுதுன்னு கணக்கு வந்தா மகனும் மருமகளும் அங்கயே இருப்பாகள்லா?

"உன்ற பொழப்புக்குத்தானுங்க கண்ணு..."ன்னு இழுத்தாக.

பிள்ளைக ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துச்சு. கையைக் கழுவிட்டு எந்திரிச்சுக் கடக்கரைப் பக்கம் நடந்து போயிட்டு.

நாங்க ரெண்டு கெழவியும் எலைக்கு முன்னால உக்காந்திருக்கோம். கடைசில துளசிமணி, "இன்னுங் கொஞ்சம் வெய்யுங்க சம்பந்தி. எப்படியும் திட்டு வாங்கப் போறோம், வெறும் வயித்துல எதுக்கு வாங்கோணும்?"ன்னாக. வச்சேன். நானும் கொஞ்சம் போட்டுக்கிட்டேன்.

"சம்பந்தி, அந்த ஊசி..."ன்னு நான் ஆரம்பிச்சேன்.

"எந்த ஊசிங்க?"

"ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க." அந்த நேரத்துல எதுக்கு?

வெயில் தாழத்தான் ரெண்டும் வந்துச்சு. பிரிஸ்கா முன்னால. கோவத்துல வருவான்னு பாத்தா, மொகத்துல ஒரு வெளிச்சம். தொம்மை அண்ணனைப் பாத்துட்டு வந்திருக்கா. ஆத்து முகத்துக்கு வள்ளத்துல கூட்டிட்டுப் போயிக் காட்டியிருக்காரு.

"அம்மா, அங்க குட்டிக் கொம்பன் கெடக்கும்மா. கூட்டங் கூட்டமா. கலங்கல்ல முதுகு தெரியுது. ஒரு பருவம் விட்டதுக்கே இப்படி! நாங்க வருசக்கணக்காக் கூட்டம் போட்டுக் கெஞ்சினோம், ஒரு வள்ளம் கேக்கல. நீ ஒரு வார்த்தை சொன்ன, ஊரே விட்டுருச்சு."

எனக்குத் தலைகால் புரியல. "பாத்தியா! அம்மான்னா யாருன்னு நெனச்ச? அப்ப இங்கதான் இருக்கப் போற?"

அவ எங்கையைப் பிடிச்சா. "இல்லம்மா. இங்க சுறாவுக்கு நீ இருக்க. அங்க பாறுவுக்கு யாரு இருக்கா?" மாமியாரை ஓரக்கண்ணால பாத்தா. "அத்தைதான் இருக்காங்க. வெடியோட. இங்க காப்பாத்துறதுக்கு ஆள் இருக்கு, அங்க வெரட்டுறதுக்கு ஆள் இருக்கு. நான் எங்க போகணும்னு நீயே சொல்லு."

நியாயமா பேசுனா எதுத்துப் பேசத் தெரியாது எனக்கு. துளசிமணிக்கு மொகத்துல வெக்கமும் சந்தோசமும் மாறி மாறி வருது. கள்ளத்தனம் பண்ணுனது ரெண்டு பேரும்தான். ஒழுங்காப் பண்ணுன எனக்குத் தண்டனை, வெடி வச்சு வெரட்டுன அவுகளுக்கு மருமக! இது எந்த ஊர் நியாயம்மா?

போற நேரத்துல துளசிமணி என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, "உங்க பொண்ணை நல்லாப் பாத்துக்குவனுங்க"ன்னாக. "பாறுவையும் பாத்துக்கிடுங்க"ன்னேன்.

அதோட விட்டாளா எம் மக? போறதுக்கு முன்னால பங்குச் சாமியாரைப் பாத்து எல்லாத்தையும் சொல்லிட்டுப் போயிட்டா. ஞாயித்துக்கிழமை பூசையில, "நம்ம அமலோற்பவம் அம்மா தன் ஏவாரத்தையே விட்டுக் கடலைக் காப்பாத்துதாக"ன்னு சாமியார் சொல்ல, கோயிலே திரும்பி என்னைப் பாக்கு. கைதட்டக்கூடச் செஞ்சானுவ. அதுக்குப் பெறவு நான் எப்படிக் கொம்பன் வாங்க முடியும்? அடுத்த கரைக்காரனும் எனக்குப் பயந்து எறக்க மாட்டேங்கான். நெத்திலியை வச்சு ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். ஏதோ ஓடுது.

இப்ப எதுக்குப் போறேன்னா, பிரிஸ்காவுக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே? அதுக்கு எந்தக் கணக்கும் ஒப்பீடும் கெடையாது. துளசிமணி போன்ல, "எங்க ஊர்லயே நல்ல ஆஸ்பத்திரி இருக்குதுங்க சம்பந்தி"ன்னு ஆரம்பிச்சாக. "வச்சிருங்க, நேர்ல வந்து பேசிக்கிடுதேன்"னு சொல்லிட்டு வண்டி ஏறிட்டேன்.

ஏறி உக்காந்ததும், நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால, தொம்மை அண்ணன் கூப்பிட்டாரு, கடலுக்குள்ள இருந்து. காத்துச் சத்தத்துல பாதி கேக்கல. "தாயி, பெரிய கொம்பன் ஒண்ணு வலையில சுத்திக்கிட்டு. சூலு. வயிறு ஆடுது. உசுரு இருக்கு. நீயும் ஊர்ல இல்ல, மகளும் இல்ல, இப்ப எண்ணுறதுக்கு யாரும் வர்றதில்ல. என்ன செய்ய, சொல்லு?"

நல்ல வெலைக்குப் போவும்மா அப்படி ஒண்ணு. எனக்குத் தெரியாதா? அவரு புது வலை வேற.

"வலையை அறுத்து விட்டுருங்கண்ணே"ன்னேன்.

"அறுக்கவா?"

"அறுங்க. வலைக்கு நான் பொறுப்பு. சீக்கிரம்."

போனைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். தண்ணி அடிக்கிற சத்தம், ஆளுக கத்துற சத்தம். பெறவு அவரு, "போயிட்டு தாயி. மொதல்ல அப்படியே கெடந்துச்சு, பெறவு ஒரு ஒதறு ஒதறிட்டுப் போயிட்டு"ன்னாரு.

ஏன் அப்படிப் பாக்கிய? அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அம்புட்டுப் பெரிய மீனு உள்ள கெடந்து துள்ளுனா வள்ளம் சாஞ்சிராதா? அவரு வயசான மனுசன். அதுக்குத்தான் அறுக்கச் சொன்னேன். கண்ணுல தூசி. நான்தான் மொதல்லயே சொன்னேன்லா, எனக்கு இந்தக் காத்து ஒத்துக்கிடாதுன்னு. அந்த ஜன்னலைக் கொஞ்சம் எறக்கி விடுங்க.